ஸ்கெட்ச்சில் வேகம் படுத்தும் பாடு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

ஸ்கெட்ச் நோட்டோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே புகார்தான் சொல்வார்கள். ஒன்று, “என் கை ரொம்ப மெதுவு.” இன்னொன்று, “அவசரப்பட்டுக் கெடுத்துவிடுகிறேன்.” நோட்டைப் புரட்டினால் பாதிப் பேருக்குக் கோளாறு நேர்மாறாக இருக்கும். மெதுவு என்று சொன்னவர் ஒரு கோட்டை வேகமாகப் போட்டு, அழித்து, மறுபடி அதே இடத்தில் அதே தப்பை அதே வேகத்தில் போட்டிருப்பார். நேரம் போனது அழிப்பதில்தான். அவசரக்காரர் என்று தன்னையே திட்டிக்கொள்பவரை வரையச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், கை நிதானமாகத்தான் போகும். ஆனால் எதிரே இருக்கும் பொருளை அவர் நிமிர்ந்து பார்த்தது மொத்தமே மூன்று தடவை.

அதனால் கையின் வேகத்தில் நான் கடைசியாகத்தான் கை வைப்பேன். முதலில் கவனிப்பது எவ்வளவு நேரம் பார்க்கிறோம், எப்போது முடிவெடுக்கிறோம் என்பதை. கீழே இருக்கும் குறைகளில் ஏறக்குறைய எல்லாமே எனக்கும் இருந்தவை. இரண்டு இன்னும் இருக்கின்றன.

உங்கள் அறிகுறியைக் கண்டுபிடித்து நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசோ நாளோ பிடிப்பது பின்னால் வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பென்சில், பேப்பர், டைமர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

## எந்த அறிகுறி என்றே தெரியவில்லையா? இந்தச் சோதனையைச் செய்யுங்கள்

கைப்பிடி வைத்த ஒரு கோப்பையை மேசையில் வையுங்கள். அதை நான்கு தாளில் நான்கு முறை வரையுங்கள்: 5 நிமிடம், 30 விநாடி, 20 நிமிடம், 2 நிமிடம். இதே கலைந்த வரிசையில். குறைவிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் கடைசிப் படம் நன்றாக வந்தது நேரத்தாலா, அதற்குள் கோப்பை பழகிவிட்டதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தாளின் மூலையில் நேரத்தை எழுதுங்கள். இது முக்கியம், இனி வரையும் எல்லாப் பக்கத்திலும் எழுதுங்கள். நான்கையும் மறுநாள் பாருங்கள். அன்றே பார்த்தால் வரைந்த அலுப்புதான் தெரியும், படம் தெரியாது.

- நான்கிலும் கோடு நடுங்கினால்: அறிகுறி 1.
- நான்கிலும் விளிம்பு பஞ்சு பஞ்சாக இருந்தால்: அறிகுறி 2.
- 30 விநாடிப் படம் மட்டும் கோணலென்றால்: அறிகுறி 3. அந்த நேரத்தில் மனமும் படபடத்தால் அறிகுறி 6.
- 20 நிமிடப் படம்தான் மோசம் என்றால்: அறிகுறி 4 அல்லது 5.
- நான்கும் ஒரே மாதிரி இருந்தால், அதுவும் எதிரே இருந்த கோப்பையைவிட உங்கள் பழைய கோப்பைப் படங்களைப் போலவே இருந்தால்: அறிகுறி 7. இருப்பதிலேயே பிடிவாதமான வியாதி அதுதான்.

## அறிகுறி 1: கோடு நடுங்குகிறது

முதலில்: கோட்டை ரொம்ப மெதுவாக இழுக்கிறீர்களா?

யாருடைய கையும் அசையாமல் நிற்காது. நல்ல ஆரோக்கியமான கைகூட விநாடிக்கு 8 முதல் 12 தடவை லேசாக அதிர்ந்துகொண்டேதான் இருக்கும். 10 செ.மீ. கோட்டை ஐந்து விநாடி எடுத்து இழுத்தால் அதற்குள் ஐம்பது அதிர்வு நுழைந்துவிடும். அரை விநாடியில் போட்டால் ஐந்துதான். அவையும் நீண்டு பரவிக் கண்ணுக்கே தெரியாமல் போகும். கவனமாக வரைய வேண்டும் என்று மெதுவாக்க மெதுவாக்க நடுக்கம் கூடுவது இதனால்தான்.

சோதனை: 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். மெதுவாகப் பத்துக் கோடு போட்டு இணையுங்கள். அப்புறம் இன்னொரு பத்து, ஆனால் வேறு மாதிரி. பென்சில் முனை தாளில் படாமல் அதே பாதையில் கையை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். பிறகு நிறுத்தாமல் அந்த ஓட்டத்திலேயே இறக்குங்கள். கண் கோடு போய்ச் சேரும் புள்ளியில் இருக்கட்டும், பென்சில் முனையில் வேண்டாம்.

இரண்டாவது பத்தில் கோடு வழவழவென்று வந்து, ஆனால் புள்ளியைத் தாண்டி ஓடினால் சந்தோஷப்படுங்கள். தாண்டுவது ஒரு வாரத்தில் குறையும். நடுக்கம்தான் தானாகப் போகாது.

இரண்டாவது பத்தும் நடுங்கினால்: கை எங்கிருந்து திரும்புகிறது?

மணிக்கட்டைத் தாளில் ஊன்றிக்கொண்டு நீளக் கோடு போட்டால் அது வளையும், நடுவில் கை தூக்கி வைத்த இடத்தில் முட்டும். மூன்று நான்கு செ.மீ. வரை மணிக்கட்டு போதும். அதற்கு மேல் முழங்கையிலிருந்து, ஒரு சாணைத் தாண்டினால் தோளிலிருந்து. இதை அளவுகோல் வைத்துப் பின்பற்ற வேண்டியதில்லை. கோடு முட்டும் இடத்தில் எந்த மூட்டு சிக்குகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிடி. வரைந்துகொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தி ஆள்காட்டி விரல் நகத்தைப் பாருங்கள். நகம் வெளுத்திருந்தால் அழுத்திப் பிடிக்கிறீர்கள். முனையிலிருந்து இன்னும் இரண்டு விரற்கடை பின்னால் தள்ளிப் பிடியுங்கள். அங்கிருந்து அழுத்த நினைத்தாலும் முடியாது.

பொருள்கள். கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்த பென்சிலைத் தூக்கிப் போடுங்கள், அல்லது நீட்டும் குழாயில் செருகுங்கள். 2எச் மாதிரி கடினமான பென்சில் வேகத்துக்கு ஒத்துவராது. 2பி அல்லது 4பி எடுங்கள். ஒற்றைத் தாளை மரமேசை மேல் போட்டு வரைந்தால் மரத்தின் வரிகளும் கோட்டில் ஏறும். அடியில் நாலு தாள் வையுங்கள். இதற்கு நடுக்கம் என்று பெயர் வைத்து மாதக்கணக்கில் பயிற்சி செய்த ஒருவரை எனக்குத் தெரியும்.

உடம்பு. தூக்கம் கெட்ட நாள், வெறும் வயிறு, அடுத்தடுத்து குடித்த காபி. மூன்றுமே நடுக்கத்தைக் கூட்டும். ஒரு நாள் காலையில் காபிக்கு முன்னால் வரைந்து பாருங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்: வரையும்போது மட்டுமில்லாமல் தண்ணீர் டம்ளரைத் தூக்கும்போதும் சட்டைப் பொத்தான் போடும்போதும் கை நடுங்கினால், மடியில் சும்மா வைத்திருக்கும்போதே ஆடினால், கையெழுத்து நாளாக ஆகச் சிறுத்துக்கொண்டே வந்தால். இவை பயிற்சியால் போகிறவை அல்ல. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

## அறிகுறி 2: ஒரு விளிம்புக்குப் பத்துக் கோடு

கன்னம், தோள், கோப்பையின் வாய், எல்லாம் ரோமம் முளைத்தது போல இருக்கிறது. குட்டிக் குட்டிக் கோடுகளைத் தைத்துத் தைத்து ஒரு விளிம்பு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். லேசான கோடுகள் வேறு வேறு இடத்தில் விழுந்து, கடைசியில் ஒன்று மட்டும் அழுத்தமாக நின்றால் அது தேடல். அதில் ஒரு தப்பும் இல்லை, விட்டுவிடுங்கள். பத்தும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விழுந்திருந்தால்தான் கோளாறு. முதலாவதில் கண் யோசிக்கிறது. இரண்டாவதில் கண் வேறெங்கோ இருக்க, கை மட்டும் தாளைப் பிறாண்டுகிறது.

செலவில்லாத மருந்து: ஒரு விளிம்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்ணால் ஒரு முறை முழுக்க ஓடிவிட்டு அப்புறம் பென்சிலை இறக்குங்கள். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மட்டும் பார்த்தாலே பாதிப் பஞ்சு உதிர்ந்துவிடும்.

அடங்கவில்லை என்றால்: பென்சிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வாரம் வரையுங்கள். ஒரு படத்துக்கு 20 கோடுதான் என்று கணக்கு. எண்ணிக்கொண்டே போடுங்கள். பன்னிரண்டாவது கோட்டில் ஒரு கஞ்சத்தனம் வரும் பாருங்கள், அதுதான் நமக்கு வேண்டியது. முதல் இரண்டு நாள் படம் கண்றாவியாக இருக்கும். மூன்றாம் நாள் கோட்டைப் போடுவதற்கு முன்னால் கை தானாக நிற்கும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால்: படத்தைப் பெரிதாக்குங்கள். உள்ளங்கையளவு நோட்டில் வரைகிறவர்களுக்கு நீளக் கோடு போட இடமே இருப்பதில்லை. பஞ்சு அவர்கள் குற்றமல்ல. ஏ3 தாள் போதும்.

## அறிகுறி 3: வேகமாக வரைந்தால் அளவு தப்புகிறது

இதில் மூன்று கிளை உண்டு. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள்.

3அ. உருவம் தாளை விட்டு வெளியே ஓடுகிறது. கால் வைக்க இடமில்லை

தலையிலிருந்து தொடங்கியிருப்பீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறோம். தொடங்கும் முன் உச்சி எங்கே, அடி எங்கே என்று தாளில் இரண்டே இரண்டு சின்னக் கோடு கிழியுங்கள். 30 விநாடிப் படத்தில் இதற்கு இரண்டு விநாடி போகும், போகட்டும். இந்த இரண்டு கோட்டுக்கு நேரமில்லை என்று சொல்கிறவர்கள்தான் முழங்காலோடு படத்தை நிறுத்துகிறார்கள்.

3ஆ. தலை பெரிது, கால் குட்டை. அல்லது உடம்பின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை

எது நம் கவனத்தை இழுக்கிறதோ அது பெரிதாக விழும். முகம் இழுக்கிறது, கை இழுக்கிறது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் இருக்கும் நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. நேராக நிற்கும் பெரியவர் ஒருவரின் உயரம் ஏறக்குறைய ஏழு, ஏழரைத் தலை. உடம்பின் நடுப்புள்ளி இடுப்பு மூட்டருகே வரும், தொப்புளில் அல்ல. முகத்தில் கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கும். இந்த மூன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் பழைய படங்களில் பத்தை அளந்து பாருங்கள். தப்பு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், எனக்குப் பெரும்பாலும் கால் குறையும், அடுத்த படத்தில் அந்த ஒன்றை மட்டும் திருத்தினால் போதும்.

2 நிமிடத்துக்கு மேல் உள்ள படங்களில் பென்சிலால் அளக்கவும் நேரமிருக்கிறது. கையை முழுக்க நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி அளக்க வேண்டும். முழங்கை மடங்கினால் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு கணக்கு சொல்லும். “அளந்தேன், அப்படியும் தப்பு” என்கிறவர்களின் முழங்கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

3இ. எல்லா உருவமும் உயரமாக இழுபட்டு நிற்கிறது

தாள் மேசையில் படுத்திருக்கிறதா? படுத்த தாளின் மேல்பகுதி கண்ணிலிருந்து தூரம், அதனால் குறுகித் தெரியும். அதை ஈடுகட்ட நாமே அறியாமல் நீட்டி வரைகிறோம். அடியில் இரண்டு தடித்த புத்தகம் வைத்துப் பலகையைச் சாய்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதைச் சரிசெய்ய உடலமைப்புப் பாடம் படிக்கக் கிளம்பிய காலம் எனக்கும் ஒன்று உண்டு.

யாரிடம் போவது: நிமிர்ந்து பொருளைப் பார்த்து, குனிந்து தாளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கண் தெளிவாக ஒரு கணம் பிடிக்கிறதா? நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது சகஜம். வேகமாக வரையும்போது அந்த ஒரு கணமே பாதி நேரத்தைத் தின்றுவிடும். பயிற்சி செய்து பயனில்லை, கண் மருத்துவரைப் பாருங்கள். வரையும் தூரத்தை நாடா வைத்து அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். படிக்கும் தூரமும் வரையும் தூரமும் ஒன்றல்ல.

## அறிகுறி 4: மெதுவாக வரைந்தால் படம் விறைத்துப்போகிறது

இரண்டு நிமிடப் படத்தில் ஆள் நடக்கிறார். இருபது நிமிடப் படத்தில் அதே ஆள் அட்டையில் வெட்டி வைத்தது போல நிற்கிறார்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நேரம் நிறைய இருக்கிறது என்றதும் ஒரு மூலையிலிருந்து விளிம்பு விளிம்பாகப் போக ஆரம்பிக்கிறோம். காதை முடித்துவிட்டுக் கழுத்து, கழுத்தை முடித்துவிட்டுத் தோள். தோளுக்கு வரும்போது இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதே மறந்துபோயிருக்கும்.

மாற்ற வேண்டியது: 20 நிமிடப் படத்தின் முதல் நிமிடத்தையும் ஒரு நிமிடப் படமாகவே வரையுங்கள். தலை, தோள், இடுப்பு, ஊன்றிய கால், அவற்றின் சாய்வு. அவ்வளவுதான். அதன் மேல் மீதி 19 நிமிடம்.

அந்த முதல் நிமிடத்துக் கோடுகள் மேலேயே அழுத்தி ஓட்டி ‘சுத்தம்’ செய்யாதீர்கள். ஓட்டும்போது கண் தாளிலேயே இருக்கும், பொருளுக்குப் போகாது. அது வரைதல் இல்லை, படியெடுத்தல். ஒவ்வொரு கோட்டுக்கும் மறுபடி நிமிர்ந்து பார்த்து, பழைய கோட்டுக்குச் சற்றுத் தள்ளி விழுந்தாலும் விழட்டும் என்று போடுங்கள்.

அப்படியும் விறைத்தால் தாளைப் பார்க்காமல் வரையும் பயிற்சி. பென்சில் முனையைத் தாளில் வைத்துவிட்டு, கண்ணைப் பொருளிலிருந்து எடுக்காமல், எறும்பு ஊர்வது போல விளிம்பைக் கண்ணால் தொடருங்கள். கை அதே வேகத்தில் தாளில் ஊரட்டும். சிற்பி ரோதான் தன் பிற்காலத்தில் இப்படித்தான் வரைந்தார். மாடல்களை ஒரே நிலையில் உட்கார வைக்காமல் நடமாட விட்டு, கண்ணை அவர்களை விட்டு எடுக்காமல், தாளைப் பார்க்காமல் கோடு போடுவார். அப்புறம் வேண்டியதைப் படியெடுத்து வாட்டர்கலர் பூசிக்கொள்வார். நமக்கு வருவது உருண்டு திரண்ட ஏதோ ஒன்றாக இருக்கும். நான் அவற்றை யாருக்கும் காட்டுவதில்லை. ஆனால் அதற்கு அடுத்து வரையும் சாதாரணப் படத்தில் வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, படத்துக்கு எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்று பாருங்கள். எப்போதும் போட்டோ பார்த்தே வரைகிறவர்களுக்கு விறைப்பு கூடுதல். போட்டோ அசையாது, அவசரப்படுத்தாது. வாரத்தில் ஒரு நாளாவது உயிருள்ள எதையாவது வரையுங்கள். தூங்கும் பூனைகூடப் போதும். அது எப்போது எழுந்து போகும் என்று தெரியாது என்பதே உதவி.

## அறிகுறி 5: நன்றாக வந்துகொண்டிருந்தது, அப்புறம் கெட்டுப்போனது

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போனில் படத்தைப் படம் எடுங்கள். முடிந்ததும் வரிசையாகப் பாருங்கள். எந்தப் படம் உச்சம் என்று உடனே தெரியும். இதைப் பத்து ஸ்கெட்ச்சுக்குச் செய்தால் உங்களுக்கென்று ஒரு நிமிடக் கணக்கு கிடைக்கும். எனக்கு அது 12. பன்னிரண்டுக்கு மேல் நான் போடும் கோடுகள் எல்லாம் பயத்தில் போடுபவை. அந்தக் கணக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்து, எழுந்து, ஆறடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து ஒரு குறையாவது பெயர் சொல்லும்படி தெரிந்தால் திரும்பி வந்து அதை மட்டும் செய்யுங்கள். ‘என்னவோ குறைகிறது’ என்று மட்டும் தோன்றினால் படம் முடிந்துவிட்டது.

## அறிகுறி 6: டைமர் வைத்தாலே பதற்றம்

நான்காவது மாடியிலிருந்து ஒருவன் குதித்துத் தரையில் விழுவதற்குள் அவனை வரையத் தெரியாதவனால் பெரிய ஓவியங்கள் செய்ய முடியாது என்று பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா சொன்னதாகக் கவிஞர் போதலேர் எழுதியிருக்கிறார். நான்காவது மாடியிலிருந்து விழ இரண்டு விநாடிகூட ஆகாது. தெலாக்ருவாவை ஒரு பக்கம் வைத்துவிட்டு நாம் இரண்டு நிமிடத்துக்கு வருவோம்.

டைமரைத் திருப்புங்கள். குறைந்துகொண்டே வரும் டைமர் வேண்டாம், கூடிக்கொண்டே போகும் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அதன் முகத்தைக் கவிழ்த்து வையுங்கள். உங்கள் பாட்டுக்கு வரைந்து, முடித்ததும் பார்த்து மூலையில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் இயல்பான வேகம் என்ன என்று தெரியும். நிறையப் பேருக்கு இது அவர்கள் பயந்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

அப்புறம் மேலிருந்து கீழே வாருங்கள். அந்த இயல்பான நேரத்தில் மூன்று படம், அதன் பாதியில் மூன்று, அதன் பாதியில் மூன்று. மாடலை வைத்து வரையும் வகுப்புகளில் ஒரு நிமிடத்தில் தொடங்கி இருபது நிமிடத்துக்கு ஏறுவார்கள்; கைக்குச் சூடேற்ற அது நல்லதுதான், பதற்றக்காரருக்கு அது தலைகீழ்.

கை வைக்காத பத்து விநாடி. ஒரு நிமிடப் படத்தில் முதல் பத்து விநாடி பென்சிலைத் தொடாதீர்கள். பாருங்கள், அவ்வளவுதான். நேரமே இல்லாதபோது பத்து விநாடியை வீணாக்குவதா என்று தோன்றும். செய்து பார்த்தவர்கள் மிச்சமிருக்கும் ஐம்பதில் ஐந்தாறு விநாடி மீதம் வைத்து முடித்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து விநாடியில் அவர்கள் அழிக்க வேண்டிய கோடுகள் எல்லாம் போடப்படாமலே போய்விடுகின்றன.

## அறிகுறி 7: தினமும் வரைகிறேன், வேகமும் வந்துவிட்டது, ஆனால் படம் மாறவே இல்லை

இது எனக்கு வந்து இரண்டு வருடம் இருந்தது. தினமும் காத்திருக்கும் கூட்டங்களை வரைவேன். ஆளுக்கு இரண்டு நிமிடம். கை பறக்கும். பார்க்கிறவர்களும் ஆகா என்பார்கள். ஒரு நாள் ஒரே நோட்டில் இருந்த காதுகளை மட்டும் வரிசையாகப் பார்த்தேன். கிழவருக்கும் குழந்தைக்கும் நெட்டைக்கும் குட்டைக்கும் ஒரே காது. 3 என்ற எண்ணைப் போட்டு அதைச் சுற்றி ஒரு வளைவு. நான் வரைந்தது காதை இல்லை, காது என்ற சொல்லை. வேகம் வந்ததே அதனால்தான், பார்க்க வேண்டியிருக்கவில்லையே.

சோதனை 1. உங்கள் நோட்டில் ஒரே ஒரு உறுப்பைத் தேர்ந்தெடுங்கள்: காது, கை, செருப்பு, மரத்தின் இலைத்திரள், ஜன்னல், எதுவானாலும். இருபது பக்கத்தில் அதை மட்டும் பாருங்கள். ஐந்து வகையாவது தெரிகிறதா? ஒன்றுதான் என்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

சோதனை 2. மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கத்தையும் நேற்றைய பக்கத்தையும் தேதியை மறைத்து நண்பர் ஒருவரிடம் கொடுத்து எது புதியது என்று கேளுங்கள். வரையத் தெரியாத நண்பராக இருந்தால் நல்லது, மனம் நோகாமல் பேசத் தெரியாது.

மாற்ற வேண்டியது வேகம்தான், ஆனால் இந்தத் தடவை எதிர்த்திசையில். கண்டுபிடித்த அந்த உறுப்பை மட்டும் 15 நிமிடம் வரையுங்கள். ஒரு காது, முழுப் பக்கம், 15 நிமிடம். முதல் மூன்று நிமிடத்தில் பழைய 3 தான் வரும். ஆறாவது நிமிடத்தில் அலுக்கும். அதற்கு அப்புறம்தான் மடலின் ஓரம் உள்ளே சுருண்டு எப்படிக் காதின் நடுக்குழிக்குள் இறங்குகிறது, கீழ்நுனி கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்று கண்ணில் படும். இப்படி நாலைந்து காது. பிறகு இரண்டு நிமிடப் படத்துக்குத் திரும்புங்கள். வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும், பரவாயில்லை. நான் வாரத்தில் ஐந்து நாள் வேகம், ஒரு நாள் மெது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு நாளை விட்டால் மாதக் கடைசியில் 3 திரும்பி வந்துவிடுகிறது.

நெகட்டிவ் வடிவம் இன்னொரு வழி. கையை வரையாமல் இடுப்பில் ஊன்றிய கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் முக்கோண இடைவெளியை வரையுங்கள். இடைவெளிக்கு மனதில் ஏற்கனவே படம் கிடையாது, அதனால் பார்த்தே தீர வேண்டும்.

ஆசிரியரிடம் போக வேண்டிய கட்டம்: இரண்டு மாதம் இப்படிச் செய்தும் உங்களுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால். முழு வகுப்பில் சேர வேண்டுமென்றில்லை. நன்றாக வரையத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் முன்னால் மூன்று படம் வரையுங்கள். முடிந்த படங்களைக் காட்டுவதைவிட இது பத்து மடங்கு மேல். நீங்கள் எப்போது நிமிர்கிறீர்கள், எங்கே யோசிக்காமல் ஓடுகிறீர்கள் என்பது முடிந்த தாளில் தெரியாது.

## அறிகுறி 8: கை ஓடுகிறது, பேனா ஓடவில்லை

ஃபைன்லைனர் என்ற மெல்லிய முனைப் பேனாவை வேகமாக இழுத்தால் கோடு வெளிறும், 0.1 மி.மீ. போன்ற மெல்லிய முனையை அழுத்தினால் முனை உள்ளே போய்விடும். 0.5 அல்லது 0.8 எடுங்கள். ஜெல் பேனா வேகத்தில் விட்டு விட்டு எழுதினால் முதலில் தாளை மாற்றிப் பாருங்கள், பேனாவை அப்புறம். கரி வழுக்கினால் தாள் மழமழப்பு அதிகம். சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் தாள் வேண்டும். நல்ல விலையில் வாங்கிய நோட்டு என்பதாலேயே மெதுவாகிறீர்கள் என்றால், அதை அலமாரியில் வைத்துவிட்டு உதிரித் தாளில் வரையுங்கள். சிரிக்காதீர்கள், இதுவே பாதிப் பேரின் வியாதி.

## அறிகுறி 9: தாளில் வருகிறது, டேப்லெட்டில் மட்டும் வருவதில்லை

கோட்டை வழவழப்பாக்கும் அமைப்பை முதலில் பாருங்கள். ஸ்டெபிலைசர், ஸ்மூத்திங், ஸ்ட்ரீம்லைன் என்று செயலிக்குச் செயலி பெயர் மாறும். அது கூடக் கூடக் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வரும். வேகமாகப் போட்டால் வளைவின் மூலைகளை மழுக்கிவிடும். பூஜ்யத்தில் வைத்து ஒரு நாள் வரையுங்கள். நடுக்கம் தெரிந்தால் அறிகுறி 1.

அடுத்து, பெரிய பிரஷ்ஷும் நிறைய லேயரும் இருக்கும் கோப்பில் தாமதமாகிறதா, வெறும் புதிய கோப்பிலும் தாமதமா? புதியதில் இல்லை என்றால் கோப்பின் பாரம்தான். பிறகு டிரைவர், அதாவது டேப்லெட்டை இயக்கும் மென்பொருள். அதற்கப்புறம் தேய்ந்த நிப். விரலால் தடவினால் ஒரு பக்கம் சப்பையாகத் தெரியும். ஜூம் செய்து செய்து வரையும் பழக்கத்தையும் இங்கே சேர்க்கலாம்: அரை மணி நேரம் ஜூமைத் தொடாமல் வரையுங்கள். இத்தனைக்கும் பிறகும் பேனா திரையின் ஒரே இடத்தில் மட்டும் பிசகினால் அது கருவிக் கோளாறு, சர்வீஸுக்குக் கொடுங்கள்.

## அறிகுறி 10: வலி, மரத்துப்போதல்

இங்கே மட்டும் வரிசை கிடையாது. வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். ‘இந்த ஒரு பக்கம் முடித்துவிட்டு’ என்று நானும் சொல்லி ஆறு வாரம் பென்சில் தொடாமல் இருந்திருக்கிறேன்.

வேகப் பயிற்சியில் வருவது பெரும்பாலும் இறுக்கிப் பிடிப்பதாலும் நடுவில் ஓய்வில்லாததாலும் வருகிற களைப்பு. 20 நிமிடத்துக்கு ஒரு முறை பென்சிலைக் கீழே வைத்துக் கையைத் தொங்கவிட்டால், பிடியைப் பின்னுக்குத் தள்ளினால், ஓரிரு நாளில் போய்விட வேண்டும்.

போகவில்லை என்றால், அல்லது இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்:

- கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது. குறிப்பாக இரவில் அதனால் தூக்கம் கலைவது.
- சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போவது. வரையும்போது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுகிறீர்களா என்றும் பாருங்கள்.
- கட்டை விரலை ஒட்டிய மணிக்கட்டுப் பக்கத்தில் வலி. எதையாவது இறுக்கிப் பிடித்தால் சுளீரென்று இழுப்பது.
- பென்சிலைப் பிடித்தால் மட்டும் விரல்கள் தாமாக முறுக்கிக்கொள்வது, மற்ற வேலைகளில் ஒன்றும் இல்லாதது. இதற்கு நரம்பியல் மருத்துவர்.

போகும்போது ஸ்கெட்ச் நோட்டையும் எடுத்துப்போங்கள். தினம் எவ்வளவு நேரம், எத்தனை நாளாக, இடைவெளி விட்டா தொடர்ந்தா என்று கேட்டால் மூலையில் எழுதிய நிமிடங்களைக் கூட்டிச் சொல்லலாம். என்னிடம் கேட்டபோது “ஒரு மணி நேரம் இருக்கும் டாக்டர்” என்றேன். நோட்டைக் கூட்டிப் பார்த்தால் மூன்றேகால்.